பழைய சாமான் பதில்கள்: மழைக்கு முன் கல் சதுரங்கம்

ஐப்பசி வாசலில் நிற்கிறது. முத்தியால்பேட்டையில் என் பட்டறைக்கு வருகிறவர்களும் சரி, கடிதம் எழுதுகிறவர்களும் சரி, இந்த மாதத்தில் கேட்பது ஒன்றுதான்: மழைக்கு முன்னால் இதை எங்கே வைப்பது? மரச்சாமான், சட்டம் போட்ட படம், பழைய புத்தகம் என்று வழக்கமான வரிசைதான் வரும். இந்த முறை அதிசயமாக, கல் செஸ் செட்டைப் பற்றி நான்கு பேர் எழுதியிருக்கிறார்கள். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். பத்தமடைப் பாயைப் பற்றிக் கேட்ட அம்மா கோபித்துக்கொள்ள வேண்டாம்.

*

கேள்வி: அக்கா, என் அப்பா 1978-இல் எங்களை ஆக்ராவுக்குக் கூட்டிப்போனபோது வாங்கிய கல் செஸ் செட் வீட்டில் இருக்கிறது. பதினைந்து அங்குலப் பலகை, உள்ளே சிவப்பு வெல்வெட் ஒட்டிய மரப்பெட்டி. 2024 டிசம்பர் தொடக்கத்தில் தென்பெண்ணை வெள்ளம் வீட்டுக்குள் முழங்கால் அளவு வந்தது. பெட்டி பீரோவின் கீழ்த்தட்டில் இருந்தது. வெளியே துடைத்துப் பரணில் ஏற்றிவிட்டோம். போன வாரம் இறக்கிப் பார்த்தால் வெள்ளைக் காய்கள் சில ரோஸ் நிறமாகிக் கிடக்கின்றன, ஒரு குதிரைக்குக் காது போய்விட்டது. தேங்காய் எண்ணெய் தடவினால் பழைய பளபளப்பு வரும் என்கிறார் மாமியார். பேரனோ விளையாடினால் இதில்தான் விளையாடுவேன் என்கிறான். என்ன செய்வது, எப்படி வைப்பது? (ஒரு வாசகி, கடலூர்)

பதில்: முதலில் அந்த ரோஸ் நிறத்தைப் பேசிவிடலாம். ஏனென்றால் அதே தப்பை நான் பட்டறை நடத்திக்கொண்டே செய்திருக்கிறேன். 2011 டிசம்பர் 30 காலை, தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியபோது என் பட்டறையின் தகரக் கூரை பறந்தது. பெட்டிக்குக் கீல் மாற்றச் சொல்லி ஒரு வயதான அம்மா கொடுத்திருந்த வெள்ளைப் பளிங்குச் செட் உள்ளே இருந்தது. நான் மரச்சாமான்களைக் காப்பாற்ற ஓடினேன். கல்தானே, கல்லுக்கு என்ன வந்துவிடும் என்று அந்தப் பெட்டியை மூன்று நாள் திறக்கவே இல்லை. நான்காம் நாள் திறந்தால், ராணி உட்படப் பதினொரு காய் ரோஜாப்பூ. ஈரத்தில் வெல்வெட்டின் சாயம் இறங்கிக் கல்லுக்குள் போயிருந்தது. பளிங்கு பார்வைக்குத்தான் கண்ணாடி மாதிரி. அதற்குள் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு, ஈரத்தையும் நிறத்தையும் மெதுவாக உறிஞ்சும். அந்த அம்மாவிடம் போய்ச் சொன்னேன். கொஞ்ச நேரம் காய்களையே பார்த்துவிட்டு, "போகட்டும், இனிமே வெள்ளைக்கும் கறுப்புக்கும் நடுவுல ரோஸும் ஆடட்டும்" என்றார். கூலி வாங்க எனக்கு மனம் வரவில்லை.

பதினொன்றில் ஏழு பெருமளவு வெளுத்தன. செய்த முறை இது. மருந்துக்கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடில் வெள்ளைப் பஞ்சை நனைத்து, கறை உள்ள இடத்தில் அப்பி, மேலே பிளாஸ்டிக் தாள் சுற்றி ஒரு ராத்திரி விட வேண்டும். காலையில் தாளை மட்டும் எடுத்துவிட்டுப் பஞ்சை அப்படியே காயவிடுங்கள். காயும்போது ஈரம் வெளியே வரும், அதோடு கறையும் கொஞ்சம் வரும். ஒரே தடவையில் போகாது, நாலைந்து தடவை ஆகும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். வெள்ளைக்கு மட்டும்தான் இது, கறுப்புக் காயின் பக்கம் கொண்டுபோக வேண்டாம். முதலில் ஒரு சிப்பாயின் அடியில் முயன்று பாருங்கள்.

ஆனால் அதற்கும் முன்னால் உங்களிடம் இருப்பது என்ன கல் என்று தெரிய வேண்டும். ஆக்ராவில் விற்கும் செட்டுகள் பெரும்பாலும் பளிங்கு, இல்லாவிட்டால் மாக்கல். நம் வீட்டுக் கல்சட்டி செய்கிற அதே மாக்கல்தான். காயின் அடியில் ஒட்டியிருக்கும் துணியை ஓரத்தில் தூக்கி, நகத்தால் கீறிப் பாருங்கள். சோப்பு மாதிரி வழுவழுப்பாக வெள்ளைப் பொடி வந்தால் மாக்கல். கீறல் விழவில்லையா, அதே இடத்தில் எலுமிச்சைச் சாறு ஒரு சின்னப் பொட்டு. நுரைத்தால் பளிங்கு. உடனே ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள், நுரைத்த இடம் மங்கிப்போகும். அதனால்தான் அடியில் பார்க்கச் சொல்கிறேன். இதிலிருந்தே இன்னொன்றும் புரிந்திருக்கும்: புளி, எலுமிச்சை, வினிகர், பித்தளை துலக்கும் பொடி, கழிவறை ஆசிட் எதுவும் பளிங்கின் பக்கம் வரக்கூடாது. பளிங்கு என்பது கால்சியம் கார்பனேட். புளிப்பு எதுவாக இருந்தாலும் அதைத் தின்னும்.

துடைப்பதிலும் ஒரு சூட்சுமம். கல்லின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் மாக்கல்லில் இருக்கும் டால்க் 1, நம் நகம் ஏறக்குறைய இரண்டரை, பளிங்கு 3. நம் ஊர்க் கடற்காற்றில் வருகிற மணலில் இருக்கும் குவார்ட்ஸ் 7. தூசி படிந்த பளிங்கை உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது மாதிரிதான். வருடா வருடம் பொறுப்பாகத் துடைத்தே செட்டை மங்கடித்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். முதலில் மெல்லிய பிரஷால் தூசியைத் தட்டிவிடுங்கள், பிறகு ஈரத்துணி. உங்கள் காய்களில் வெள்ளத்துச் சேறும் இருக்கும் என்பதால், பேட்டரிக் கடையில் டிஸ்டில்ட் வாட்டர் ஒரு கேன் வாங்கி, காரமில்லாத சோப்புக் கரைசல் ஒரு சொட்டு விட்டு ஒவ்வொன்றாகக் கழுவி, வெறும் தண்ணீரில் அலசி, துண்டின் மேல் நிழலில் திருப்பித் திருப்பிக் காயவையுங்கள். அதே கடையில் பேட்டரி ஆசிட்டும் அதே மாதிரி கேனில் விற்பார்கள். லேபிளைப் படித்து வாங்குங்கள், சிரிக்காதீர்கள்.

மாமியார் சொன்ன தேங்காய் எண்ணெய் விஷயம். அவர் கல்சட்டி பழக்கிய கை, அந்த நியாயத்தில் சொல்கிறார். கல்சட்டிக்கு எண்ணெய் தடவிக் கஞ்சி ஊற்றிப் பழக்குவது அடுப்பில் வெடிக்காமல் இருக்க. சதுரங்கக் காய் அடுப்பேறப் போவதில்லை. வெள்ளைப் பளிங்கில் எண்ணெய் தடவினால் ஒரு வாரம் பளபளக்கும், அப்புறம் எண்ணெய் கல்லுக்குள் இறங்கி மஞ்சளிக்கும், மேலே தூசியையும் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்த மஞ்சளை எடுப்பது சாயத்தை எடுப்பதைவிடக் கஷ்டம். உங்கள் செட் மாக்கல்லாகவே இருந்தாலும் வெள்ளைக் காய்க்கு எண்ணெய் வேண்டாம், நிறம் கருத்துவிடும். மாமியாரிடம் நான் சொன்னதாகச் சொல்லிக்கொள்ளுங்கள்.

குதிரையின் காது பெட்டிக்குள் எங்கேயாவது கிடக்கிறதா என்று வெல்வெட் மடிப்பில் தேடுங்கள். கிடைத்தால் ஒரு காகிதப் பொட்டலத்தில் போட்டு, மேலே 'வெள்ளைக் குதிரை, வலது காது' என்று எழுதி வையுங்கள். நொடியில் ஒட்டும் பசை வேண்டவே வேண்டாம், சரியாகப் பொருத்துவதற்குள் இறுகிவிடும். இரண்டு குழாயில் வரும் எபாக்சிப் பசையைக் கலந்து, கடுகு அளவுக்கும் குறைவாகக் குச்சியால் தொட்டு வையுங்கள். இனிமேல்தான் வேலையே. ஒரு கிண்ணத்தில் அரிசியை நிரப்பி, உடைந்த வாய் வானத்தைப் பார்க்கும்படி குதிரையை அதில் சாய்த்துப் புதைத்துவிடுங்கள். காது தன் எடையிலேயே உட்காரும், நீங்கள் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. இது என் அப்பா கற்றுக்கொடுத்தது. அவர் மணலில் செய்வார். அருங்காட்சியகங்களில் பாரலாய்டு பி-72 என்ற அக்ரிலிக் பிசினை அசிட்டோனில் கரைத்து ஒட்டுவார்கள். பின்னால் வேண்டுமென்றால் கரைத்துப் பிரித்துவிடலாம் என்பது அதன் வசதி. வீட்டுச் செட்டுக்கு எபாக்சியே போதும். காது கிடைக்காவிட்டால்? காதில்லாத குதிரையும் அதே எல் வடிவத்தில்தான் தாவும்.

சரி, வைப்பதற்கு வருவோம். கல் காய்கள் ஆடும்போது உடைந்து நான் அதிகம் பார்த்ததில்லை. பெட்டிக்குள் ஒன்றோடொன்று மோதித்தான் உடைகின்றன. பெட்டியைத் தூக்கும்போது கலகலவென்று சத்தம் வருகிறதா? ஒவ்வொரு சத்தத்துக்கும் எங்கேயோ ஒரு சில்லு பெயர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் குதிரைக்குக் காது போனது வெள்ளத்தில் இல்லை, பரணில் ஏற்றியபோதுதான் என்பது என் சந்தேகம்.

வெல்வெட்டைப் பிய்த்து எறியுங்கள். காடா துணி இரண்டு மீட்டர் வாங்கி, கஞ்சி போகும்வரை இரண்டு தடவை வெந்நீரில் துவைத்துக் காயவையுங்கள். கஞ்சி இருந்தால் வெள்ளிப் பூச்சியும் கரப்பானும் தேடி வரும். தெருவில் இருக்கும் தையல்காரரிடம் கொடுத்து, பதினாறு பைகள் வரிசையாக உள்ள பட்டை இரண்டு தைக்கச் சொல்லுங்கள், ஒன்று வெள்ளைக்கு, ஒன்று கறுப்புக்கு. நான் முதலில் சாமர்த்தியமாக முட்டை அட்டையில் வைத்துப் பார்த்தேன். அட்டையில் குழி முப்பது, காய் முப்பத்திரண்டு. இரண்டு ராஜாக்களும் வெளியே நிற்க வேண்டியதாயிற்று. மழைக்காலத்தில் அந்த அட்டை ஈரம் குடித்துப் பூஞ்சையும் பிடித்தது. செய்தித்தாளில் சுற்றுவதும் வேண்டாம், மை ஒட்டும். ரப்பர் பேண்டு போட்டால் அது உருகிக் கோடு விழும். பைப் பட்டையைப் படுக்கையாக ஒரே அடுக்கில் விரித்து, ராஜா ராணியின் கழுத்துக்கு அடியில் துணியை மடித்துக் கொடுங்கள். மெலிந்த இடம் அதுதான், ஒடிந்தால் அங்கேதான் ஒடியும்.

பெட்டியில் இரும்பு ஆணி, இரும்புக் கீல் இருந்தால் பித்தளைக்கு மாற்றுங்கள். உப்புக் காற்றில் இரும்பு துருப்பிடிக்கும், துருக்கறை பளிங்கில் ஏறினால் வீட்டு வைத்தியத்தில் போகாது. துருவை எடுக்கிற ஆக்சாலிக் ஆசிட் பளிங்கையும் சேர்த்து அரித்துவிடும்.

பலகையைத் தனியாக வையுங்கள், பெட்டியை அதன் மேல் ஏற்றக் கூடாது. பதினைந்து அங்குலம், ஒன்றரை சென்டிமீட்டர் கனம் என்றால் பலகை மட்டும் ஏறக்குறைய ஆறு கிலோ. படுக்க வைத்து நடுவில் பாரம் ஏற்றினால் விரிசல் விடும். கிரானைட் கடையில் பலகைகளைச் சாய்த்து நிறுத்தியிருப்பதைப் பார்த்திருப்பீர்களே, அந்த மாதிரி மடித்த துணியின் மேல் விளிம்பு படும்படி நிறுத்துங்கள். எங்கே நிறுத்துவது? கீழ்த்தட்டு வெள்ளத்துக்கு. பரணோ, ஆறு கிலோவை ஸ்டூலில் ஏறி இறக்குகிற ஒரு நாளுக்காகக் காத்திருக்கிறது. நெஞ்சு உயரத்தில் உள்ள சுவர் அலமாரித் தட்டு சரியான இடம், அதுவும் வீட்டின் உள்சுவரில். மழை அடிக்கும் வெளிச்சுவர் ஓதம் காக்கும். பிளாஸ்டிக் கவரில் போட்டு இறுகக் கட்டாதீர்கள், உள்ளே மிச்சமிருக்கும் ஈரம் போக வழியிருக்காது. ஈரத்தை உறிஞ்சும் சிலிகா ஜெல் பொட்டலம் போடலாமா என்றும் கேட்பீர்கள். காற்றுப் புகாத டப்பாவில்தான் அது வேலை செய்யும். இடுக்குள்ள மரப்பெட்டியில் நம் ஊர் ஈரத்துக்குச் சில நாளில் நிரம்பிவிடும்.

பேரன் விளையாடட்டும், ஞாயிற்றுக்கிழமைகளில். வெட்டிய காயைப் பெட்டியில் எறியாமல் மடித்த துண்டின் மேல் வைக்க வேண்டும், தோற்றால் ராஜாவைத் தட்டிவிடாமல் படுக்கவைக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் ஒப்புக்கொண்டால் போதும். கடிகாரம் வைத்து வேக ஆட்டம் ஆட ஒரு பிளாஸ்டிக் செட் வாங்கிக் கொடுங்கள்.

*

கேள்வி: கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. கூடத்தில் ஸ்டாண்டின் மேல் கல் செஸ் போர்டு நிரந்தரமாக இருக்கிறது. கட்டங்களின் இணைப்பில் வெள்ளையாகப் பொடி பூக்கிறது. துடைத்தால் போகிறது, பதினைந்து நாளில் மறுபடி வருகிறது. பூஞ்சையா? (குருசுக்குப்பம், புதுச்சேரி)

பதில்: நாக்கில் வைத்துப் பார்க்கச் சொல்ல மாட்டேன், ஆனால் அது உப்பு. உங்கள் தெருவில் பழைய வீட்டுச் சுவர்கள் அடியில் பொரிந்து உதிர்வது எதனாலோ, அதனால்தான் இதுவும். ஈரமான நாளில் உப்பு கரைந்து கல்லுக்குள்ளும் இணைப்புக்குள்ளும் போகிறது. காய்ந்த நாளில் தண்ணீர் ஆவியாகிப் போக, உப்பு படிகமாக அங்கேயே தங்குகிறது. படிகம் வளர இடம் வேண்டுமே, அது கல்லைத்தான் தள்ளும். இணைப்பு திறந்துகொள்ளும், விளிம்பு உதிரும்.

பொடி பூத்திருக்கும்போது ஈரத்துணியால் துடைப்பதுதான் நீங்கள் செய்யும் பிழை. மேலே வந்த உப்பைக் கரைத்து நீங்களே உள்ளே அனுப்புகிறீர்கள். உலர்ந்த பிரஷால் தட்டி ஒரு தாளில் சேர்த்துக் கொட்டிவிடுங்கள். பிறகு டிஸ்டில்ட் வாட்டரில் நனைத்த பஞ்சை இணைப்புகளின் மேல் தடிமனாக அப்பி, மூடாமல் முழுக்கக் காயவிட்டு எடுங்கள். உப்பு பஞ்சுக்கு வரும். பொடி பூப்பது நிற்கும்வரை, இரண்டு மூன்று வாரம் இடைவெளி விட்டுச் செய்யலாம். போர்டைத் திருப்பியும் பாருங்கள். அடியில் சிமெண்ட் பூசியிருந்தால் உப்பு அதிலிருந்தே வரலாம். அப்படியானால் எங்களைப் போன்ற ஒருவரிடம் கொண்டுபோய்ப் பின்பலகையை மாற்ற வேண்டும். கடலைப் பார்த்த ஜன்னலிலிருந்து போர்டை எதிர்ச்சுவருக்கு நகர்த்திவிட்டு, மேலே ஒரு காடா துணி போட்டு வையுங்கள். கூடத்தின் அழகு கெடும் என்றால், விருந்தாளி வரும்போது மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

*

கேள்வி: 2022-இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது அங்கே ஒரு கடையில் கல் செட் வாங்கினேன். இப்போது கறுப்புக் காயைத் தொட்டால் விரலில் கறுப்பு ஒட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா? என் மகன் போட்டிக்கு இதை எடுத்துப்போகலாமா? (லாஸ்பேட்டை)

பதில்: ஏமாற்றியதாகச் சொல்ல முடியாது தம்பி. மாக்கல்லில் செய்த செட்டுகளில் கறுப்பு என்பது பல இடங்களில் சாயமோ பாலிஷோதான். ஈரப் பஞ்சால் ஒரு சிப்பாயின் அடியைத் தொட்டுப் பாருங்கள், பஞ்சு கறுத்தால் சாயம். கறுப்பைத் தண்ணீரில் கழுவ வேண்டாம், உலர்ந்த மெல்லிய துணியால் ஒற்றினால் போதும். வெள்ளையையும் கறுப்பையும் ஒரே பெட்டியில் போடாதீர்கள், ரோஸ் ராணி கதையைத்தான் மேலே சொன்னேனே. மாக்கல்லுக்கு நகமே எதிரி என்பதால் மோதிரம் போட்ட கை, சாவிக்கொத்து எல்லாம் தள்ளியே இருக்கட்டும்.

போட்டிக்கு வேண்டாம். காய்கள் மரம், பிளாஸ்டிக் அல்லது அவற்றைப் போன்ற பொருளில் இருக்க வேண்டும், பளபளக்கக் கூடாது, ராஜா சுமார் 9.5 சென்டிமீட்டர் உயரம் இருக்க வேண்டும் என்பது உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் பரிந்துரை.

*

கேள்வி: எங்கள் வீட்டில் சரஸ்வதி பூஜைக்குப் புத்தகத்தோடு செஸ் போர்டையும் வைத்துச் சந்தனம் குங்குமம் இடுவது வழக்கம். இந்த வருடம் வெள்ளை ராஜாவின் தலையில் குங்குமக் கறையும் பலகையில் மஞ்சள் கறையும் தங்கிவிட்டன. (நெல்லிக்குப்பம்)

பதில்: மஞ்சள் கறைக்கு வெயில் மருந்து. மஞ்சளின் நிறம் வெளிச்சத்தில் வெளுக்கும், துணியில் பார்த்திருப்பீர்கள். பலகை நன்றாக உலர்ந்திருக்கும்போது, காலை இளவெயிலில் சில நாள் வையுங்கள். ஈரமாக வைக்கக் கூடாது. குங்குமம் கடையில் வாங்கியது என்றால் அதில் வேறு சாயம் இருக்கலாம், வெயிலுக்கு அசையாது. அதற்குக் கடலூர் அம்மாவுக்குச் சொன்ன பெராக்சைடு பஞ்சுதான்.

அடுத்த வருடம் பலகைக்கு அடியில் வாழையிலை போடாதீர்கள், வாழைக் கறையும் ஏறும். வெள்ளைத் துணி விரித்து அதன் மேல் வையுங்கள். சந்தனம், குங்குமம் இரண்டையும் பெட்டியின் மூடியில் இடுங்கள். ராஜாவுக்குத் தலையில் பொட்டு வைத்தே ஆக வேண்டும் என்று வீட்டில் பெரியவர்கள் சொன்னால், கறுப்பு ராஜாவுக்கு வையுங்கள்.